ஏற்காட்டு வீட்டுக்கு முழு ரீவயரிங்: எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ்.எச்., எச்.ஆர்.எஃப்.ஆர்... எந்த வயர் எடுக்கலாம்?

நாகலூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பா காலத்து ஓட்டு வீடு எங்களுடையது. இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, பின்பக்கம் தனியாக ஒரு அறை. உள்ளே மரக்கூரை. முழுக்க பேட்டன் வயரிங். சுவரில் மரப்பட்டி அடித்து, அதன்மேல் ரப்பர் உறை போட்ட வயரை கிளிப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். ஹால் ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால் உறை பொடிப்பொடியாக உதிர்கிறது. உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. லைட், ஃபேன் எதற்கும் எர்த் கிடையாது. மீட்டருக்குப் பக்கத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இரண்டு, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு புதிதாகப் போடலாம் என்று முடிவு. பின்பக்க அறையை ஹோம்ஸ்டேவுக்கு விடும் எண்ணமும் இருக்கிறது. வரப்போகிற சாமான்கள்: இன்ஸ்டன்ட் கீசர் ஒன்று (3000 வாட்), டேங்க் கீசர் ஒன்று (2000 வாட்), இண்டக்‌ஷன் அடுப்பு (2000), குளிர்காலத்துக்கு ரூம் ஹீட்டர் (2000), ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி. ஏ.சி. தேவையில்லை. கீழே கிணற்றில் 1 எச்.பி. மோட்டார், வீட்டிலிருந்து 80 மீட்டர் தள்ளி.

சேலம் டவுனில் கடை கடையாக விசாரித்தேன். ஒருவர் எஃப்.ஆர். போதும் என்கிறார். இன்னொருவர் எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். இல்லாமல் வீடே கட்டக் கூடாது என்கிறார். மூன்றாமவர் எச்.ஆர்.எஃப்.ஆர். எடுத்தால் "அதிக லோடு தாங்கும்" என்கிறார். ஹாலஜன் இல்லாத வயர் என்று அதற்கும் மேலே ஒன்று. எங்கள் எலக்ட்ரீஷியனோ எல்லாமே ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். (வயருக்குள் இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு), கீசருக்கு மட்டும் ரெண்டரை என்று முடித்துவிட்டார். எதை நம்புவது?

குகை வயர்மேன்:

சார், உறையின் பெயருக்கு அப்புறம் வரலாம். முதலில் வயருக்குள் எவ்வளவு கரண்ட் ஓடப்போகிறது என்று கணக்குப் போடுங்க. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்ப். 3000 வாட் கீசர் 13 ஆம்ப். 2000 வாட் சாமான் ஒவ்வொன்றும் 8.7 ஆம்ப். மலையில் காலை ஆறு மணிக்கு இரண்டு கீசரும் அடுப்பும் ஒன்றாக ஓடும். அதுவே 30 ஆம்பைத் தாண்டுகிறது. ஹீட்டரும் சேர்ந்தால் 40-ஐ நெருங்கும். இ.பி.யில் எத்தனை கிலோவாட் லோடு வாங்கியிருக்கிறீர்கள் என்று கார்டைப் பாருங்க. சிங்கிள் பேஸ்தான் என்றால் த்ரீ பேஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் வயர் வாங்குங்க.

குழாய்க்குள் போகும் செம்பு வயர் எவ்வளவு தாங்கும் என்று தோராயமாகச் சொல்கிறேன். 1 ஸ்கொயர் எம்.எம். 11 ஆம்ப், ஒன்றரை 14, ரெண்டரை 20, நாலு 26, ஆறு 33. ஒரு குழாயில் ஒரு சர்க்யூட் மட்டும் போனால்தான் இந்தக் கணக்கு. ஒரே குழாயில் மூன்று சர்க்யூட்டைத் திணித்தால் எழுபது சதவீதம்தான் கிடைக்கும். சூடு வெளியே போக வழியில்லை, அதுதான் காரணம்.

உங்கள் வீட்டுக்கு நான் போடுவதாக இருந்தால்: லைட், ஃபேனுக்கு ஒன்றரை. சாதாரண பிளக் பாயின்டுக்கு ரெண்டரை. டேங்க் கீசருக்கும் ஹீட்டருக்கும் தனித்தனியாக ரெண்டரை. 3000 வாட் கீசருக்கு ரெண்டரை கணக்குப்படி போதும், ஆனாலும் நான் நாலு இழுப்பேன். சமையலறைக்கு நாலு. நியூட்ரல் வயரும் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) பேஸ் வயர் (கரண்ட் வருகிற வயர்) அளவிலேயே இருக்கணும். எர்த்தும் அதே அளவு போடச் சொல்லுங்க. எர்த்தில்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கலர் மாற விடாதீங்க. பேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு. எர்த் பச்சை. கறுப்பு தீர்ந்துபோச்சு என்று பச்சையில் நியூட்ரல் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் வருகிற ஆள் அதை எர்த் என்று நம்பித் தொடுவான்.

அழகாபுரம் ஈஈஈ:

உறை எழுத்துகளைப் பற்றி நான் சொல்கிறேன். டிப்ளமோ பிள்ளைகளுக்கு இதைத்தான் பாடம் எடுக்கிறேன்.

வீட்டு வயருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 694. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரை தாங்கும். எஃப்.ஆர். என்றால் நெருப்பு வயர் வழியே ஓடிப் பரவாது, வெளி நெருப்பை எடுத்தால் தானே அணையும் என்று பொருள். தீயே பிடிக்காது என்று பொருளல்ல. இதற்கு ஆக்சிஜன் இண்டெக்ஸ் என்று ஒரு சோதனை உண்டு, குறைந்தது 29 வர வேண்டும். அதாவது அந்த உறை தொடர்ந்து எரிய வேண்டுமானால் சுற்றியுள்ள வாயுவில் 29 சதவீதம் ஆக்சிஜன் வேண்டும். நம் காற்றில் இருப்பது 21தான்.

எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். அதோடு புகையையும் அமிலவாயுவையும் கட்டுப்படுத்துகிறது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். கண்ணைத் திறக்க விடாது, தொண்டையை அடைக்கும். எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். உறையில் அந்த வாயு 20 சதவீதத்துக்கு மேல் வரக் கூடாது. ஹாலஜன் இல்லாத உறையில் குளோரினே கிடையாது. புகையும் மிகக் குறைவு.

எச்.ஆர். என்பது வெப்பம் தாங்கும் உறை, 85 டிகிரி வரை. இதை வைத்துத்தான் கடைக்காரர் "அதிக லோடு" என்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வயர் 85 டிகிரி தாங்கலாம். அது போய்ச் சேரும் ஸ்விட்ச், சாக்கெட், எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் ஸ்விட்ச்) முனைகள் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. உறை நன்றாக இருக்கும், சாக்கெட் கருகும். சேலத்தில் மேல் மாடித் தளத்துக்குள் குழாய் போகிற வீடுகளில் எச்.ஆர்.எஃப்.ஆர். போடுவதற்கு நியாயம் இருக்கிறது. மே மாதம் அந்தக் கான்கிரீட்டைத் தொட முடியாது. அங்கேயும் அதை ஆயுளுக்காக எடுங்கள், வயர் அளவைக் குறைப்பதற்காக எடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் மரக்கூரை, விருந்தினர் தூங்கப் போகும் அறை. புதிதாக வந்தவருக்கு இருட்டில் கதவு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அதனால் நான் எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். என்பேன். வசதி இருந்தால் பின்பக்க அறைக்கும் கூரை வழியே போகிற வயருக்கும் ஹாலஜன் இல்லாதது. ஆனால் அதற்குப் பணம் போட்டுவிட்டு நாலுக்குப் பதில் ரெண்டரை எடுக்கிற நிலை வந்தால், தயவுசெய்து நாலு எஃப்.ஆர். எடுங்கள்.

தறிப்பேட்டை:

நான் அம்மாப்பேட்டைங்க. இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் பழைய 3/22 வயர்தான். என் சின்ன வயசிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் கீசர் வைத்தோம், எம்.சி.பி. அடிக்கடி விழுந்தது. எலக்ட்ரீஷியன் 16-ஐ எடுத்துவிட்டு 32 போட்டார். அதிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. நல்ல செம்பு என்றால் தாங்கும். அந்தக் காலத்து செம்பு இப்போது ஏது?

குகை வயர்மேன்:

அண்ணா, கோபிச்சுக்காதீங்க. இன்றைக்கே அந்தக் கீசரை ஆஃப் பண்ணிடுங்க. அப்புறம் மீதியைப் படிங்க.

3/22 என்றால் 22 கேஜ் கம்பி மூன்று இழை. ஒரு இழை 0.71 மில்லிமீட்டர். மூன்றும் சேர்ந்து 1.2 ஸ்கொயர் எம்.எம். கூட வராது. இன்றைய ஒன்றரையைவிடச் சின்னது. (7/22 சுமார் 2.8, 7/20 சுமார் 4.6. பழைய கணக்கில் பேசுகிற பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்.) அது தாங்குவது 12 ஆம்ப் பக்கம்.

எம்.சி.பி. இருப்பது கீசரைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் இருக்கிற வயரைக் காப்பாற்ற. 32 ஆம்ப் எம்.சி.பி. 36 ஆம்ப் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு விழவே கூடாது என்பதுதான் அதன் தரவிதி. 46 ஆம்ப் ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். 12 ஆம்ப் வயரில் 36 ஓடினால் சூடு மூன்று மடங்கு இல்லைங்க, ஒன்பது மடங்கு. கரண்டின் வர்க்கத்தில் சூடு ஏறும்.

தொந்தரவு இல்லை என்கிறீர்களே, தொந்தரவைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளைத்தான் எடுத்துவிட்டார்கள். எம்.சி.பி. விழுந்தால் காரணம் மூன்றில் ஒன்று: லோடு அதிகம், எங்கேயோ ஷார்ட், அல்லது எம்.சி.பி. முனையில் ஸ்க்ரூ லூஸாகி அங்கேயே சூடாகிறது. மூன்றுக்கும் மருந்து பெரிய எம்.சி.பி. கிடையாது.

நாகலூர் சாருக்கும் இதுதான். ஒன்றரை வயருக்கு 6 அல்லது 10 ஆம்ப். ரெண்டரைக்கு 16. நாலுக்கு 20, மிஞ்சினால் 25. இதற்கு மேலே யார் போடச் சொன்னாலும் கேட்காதீங்க.

வயர்கடைத் தம்பி:

நான் சேலத்தில் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. பிராண்ட் பேர் சொல்லப் போவதில்லை. சரக்கு சரியா என்று எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் "கம்பெனி மாதிரியே" வருகிற காயில் (வயர்ச் சுருள்) நிறைய.

உறையின் மேல் மீட்டருக்கு மீட்டர் அச்சடித்திருக்க வேண்டும்: கம்பெனி பெயர், அளவு, ஐ.எஸ். 694, ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதோடு சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண். அந்த எண்ணை இந்தியத் தர அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். அட்டைப் பெட்டியில் மட்டும் அச்சிருந்து வயரில் இல்லை என்றால் தொடாதீங்க.

அடுத்தது எடை. ஒரு காயில் 90 மீட்டர் என்றால், ரெண்டரை வயரில் செம்பு மட்டுமே 2 கிலோ இருக்கணும். ஒன்றரையில் 1.2 கிலோ. உறை எடை தனி. ரெண்டரை காயில் மொத்தமே 2 கிலோ காட்டினால் அது ரெண்டரை கிடையாது. இல்லை என்றால் 90 மீட்டர் கிடையாது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் காயிலைப் பிரிக்காமலே இரண்டு முனையையும் சீவி ஓம்ஸ் பாருங்க. ஒன்றரை 90 மீட்டருக்கு 1.2 ஓம்ஸுக்கு மேல் வரக் கூடாது. ரெண்டரைக்கு 0.72. முதலில் மீட்டர் முள் இரண்டையும் ஒன்றோடு ஒன்று தொட்டு வருகிற அளவைக் கழிச்சுக்கணும், இல்லை என்றால் நல்ல சரக்கையும் தப்பாகச் சொல்லிவிடுவீர்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்க.

எங்கள் கடையில் இப்படி அளந்து பார்க்க யாரும் கேட்பதில்லை. கேட்டால் தராசை எடுத்து வைப்போம்.

மிளகுக்கொடி:

ஏற்காட்டிலிருந்துதான் நானும். பேச்சைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம், இதே வீட்டுக்கும் இந்தப் பிரச்சினை வரும். எங்கள் காபித் தோட்டத்து வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி) போட்டோம். வெயில் நாளில் ஒன்றும் இல்லை. மழையோ பனிமூட்டமோ வந்தால் விழுகிறது, சில நாள் விடியும் வரை நிற்பதே இல்லை. வந்த எலக்ட்ரீஷியன், "மலைக்கு இது ஒத்துவராதுங்க அம்மா, எம்.சி.பி. இருக்கே" என்று அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டார். எர்த் குழி தோண்டப் போனால் மூன்றடியில் பாறை. இப்போது ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஓடுகிறது. இப்படியே விடலாமா?

அழகாபுரம் ஈஈஈ:

விடக் கூடாது அக்கா. மலைக்குத்தான் அது அவசியம், சமவெளியைவிட அதிகமாக.

சேர்வராயன் மலை முழுக்கப் பாறை. சார்னோக்கைட், கிரானைட் மாதிரி கெட்டியானது. மேலே மண் மெல்லிசு. பாறையில் எர்த் தடை எளிதில் இறங்காது. உங்கள் எர்த் தடை 20 ஓம்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசருக்குள் பேஸ் வயர் கீசரின் உலோக உடம்பைத் தொட்டுவிட்டது. எர்த் வழியே ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்ப். 16 ஆம்ப் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்றே நினைக்கும், விழாது. கீசர் உடம்பிலும், அதே எர்த்தில் இணைந்திருக்கிற குழாய், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் மெயின் வோல்டேஜ் ஏறிக்கொண்டு நிற்கும்.

30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. இருந்தால், போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் 0.03 ஆம்ப் வித்தியாசப்பட்டாலே துண்டித்துவிடும். எர்த் 20 ஓம்ஸ் இருந்தாலும் 100 ஓம்ஸ் இருந்தாலும் வேலை செய்யும். நல்ல எர்த் கிடைக்காத இடத்துக்கு இதைவிட்டால் வேறு காவல் இல்லை. அதற்காக எர்த்தை விட்டுவிடலாம் என்றும் இல்லை. எர்த் இருந்தால்தான் கோளாறு வந்த நொடியே விழும். இல்லாவிட்டால் ஒரு ஆள் தொடும்வரை காத்திருக்கும்.

ஆழமாகத் தோண்ட முடியாத இடத்தில் கிடைமட்டமாகப் போகலாம். மண் இருக்கிற ஆழத்தில் நீளமாக வாய்க்கால் வெட்டி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைப் படுக்க வைத்து மண்ணால் மூடுவது ஒரு முறை. ஈரம் நிற்கும் தாழ்வான இடத்தில் இரண்டு மூன்று குழாய்களைத் தள்ளித் தள்ளி இறக்கி இணைப்பது இன்னொன்று. கரியும் உப்பும் போடலாம், ஆனால் உப்பு ஜி.ஐ. குழாயை அரிக்கும், மழையில் கரைந்தும் போகும். ஐ.எஸ். 3043 முழுக்க இதற்கான விதிகள்தான். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

குகை வயர்மேன்:

மழையில் விழுவதற்குக் காரணம் எங்கேயோ ஈரம் ஏறுகிறது. ஆர்.சி.சி.பி. அதைத்தான் சொல்கிறது. தேடுவது சிரமம் இல்லைங்க அம்மா, பொறுமைதான் வேணும்.

முதலில் வெளியே இருப்பதைப் பாருங்க: கேட் லைட், வெளி பாத்ரூம், காலிங் பெல், மோட்டார் ஸ்டார்ட்டர். ஏற்காட்டில் பாதிக் கேஸ் கேட் லைட்தான். விளக்குக்கு மேலே இருந்து குழாய் இறங்குகிற மாதிரி வைத்திருப்பார்கள், மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேராக ஹோல்டருக்குள் வரும். வயர் கீழே வளைந்து அப்புறம் மேலேறி உள்ளே போகணும், அப்போது தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கியும் ஆர்.சி.சி.பி. நிற்காமல் விழுந்தால் பலர் "ஆர்.சி.சி.பி. அவுட்" என்று சொல்லிவிடுவார்கள். சிங்கிள் போல் எம்.சி.பி. பேஸை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரலை அறுக்காது. நியூட்ரல் எங்காவது எர்த்தையோ ஈரச்சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால் எம்.சி.பி. இறங்கியிருந்தும் கசியும். மெயினை ஆஃப் பண்ணிவிட்டு, நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொரு கறுப்பு வயராகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கர் (உறை கசியாமல் இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்க்கணும். 1 மெகா ஓம்ஸுக்குக் கீழே வருகிற வயர்தான் குற்றவாளி. இதை மழை பெய்து ஓய்ந்த உடனே செய்யணும். வெயில் அடித்துக் காய்ந்தபின் வந்து அளந்தால் எல்லாமே நல்ல அளவு காட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை வேறு சர்க்யூட்டுக்குக் கடன் வாங்கி இணைத்திருப்பார்கள். மாடிப்படி லைட்டில் இது சகஜம். இரண்டும் வேறு வேறு ஆர்.சி.சி.பி.யில் இருந்தால் மழை தேவையில்லை, லைட் போட்டாலே விழும்.

புதிதாகப் போடுகிறவர்கள் வெளிப்பக்கத்துக்குத் தனி ஆர்.சி.சி.பி. கொடுத்துவிடுங்க. கேட் லைட் நனைந்தால் கேட் லைட் மட்டும் போகும், ஃபிரிட்ஜும் அடுப்பும் நிற்காது. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க, விழுந்தால்தான் உயிரோடு இருக்கிறது.

நாகலூர்வாசி:

எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. த்ரீ பேஸுக்கு விண்ணப்பம் எழுதப் போகிறேன். லைட் ஒன்றரை, பிளக் ரெண்டரை, இன்ஸ்டன்ட் கீசரும் சமையலறையும் நாலு, எல்லாம் எஃப்.ஆர்.எல்.எஸ்.எச்., கூரைப் பகுதியும் பின் அறையும் ஹாலஜன் இல்லாதது. வீட்டுக்குள்ளே ஒரு ஆர்.சி.சி.பி., வெளிப்பக்கத்துக்கு ஒன்று.

மோட்டார் பாக்கி. 80 மீட்டர். எலக்ட்ரீஷியன் ரெண்டரை வயரையே பி.வி.சி. குழாயில் போட்டு ஓரமாகப் புதைத்துவிடலாம் என்கிறார். அலுமினியக் கேபிள் மலிவாக இருக்கிறதே, அது சரிவருமா?

அழகாபுரம் ஈஈஈ:

தூரம் போகும்போது தாங்குமா என்பதோடு, போய்ச் சேருமா என்றும் பார்க்க வேண்டும். 80 மீட்டர் என்றால் போக வர 160 மீட்டர். ரெண்டரை வயருக்கு கிலோமீட்டருக்கு 7.98 ஓம்ஸ், அதனால் 160 மீட்டருக்கு சுமார் 1.28 ஓம்ஸ். 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 7 ஆம்ப் என்று வைத்தால் 9 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். 40 ஆம்புக்கு 51 வோல்ட் இறங்கும். மலையில் மாலை நேரத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கியிருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், வைண்டிங் கருகும். ஆறு ஸ்கொயர் போட்டால் அதே ஸ்டார்ட்டிங்கில் 21 வோல்ட்தான்.

அலுமினியம் தப்பில்லை. நம் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் அலுமினியம் காய்ச்சிய ஊர்க்காரர்கள் நாம், அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. செம்பில் ஆறு வேண்டிய இடத்தில் அலுமினியத்தில் பத்து எடுங்கள், இரண்டுக்கும் தடை கிட்டத்தட்ட ஒன்றே. மண்ணுக்குள் போகிறதால் ஐ.எஸ். 1554 ஆர்மர்ட் கேபிளாக (உலோகக் கவசம் சுற்றியது) எடுங்கள். சிக்கல் முனைகளில்தான். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படியும், ஸ்க்ரூ அழுத்தத்தில் உலோகம் மெல்ல நசுங்கி லூஸாகும். செம்போடு நேரடியாக முறுக்கவே கூடாது. அதற்கென்று பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள முனைத்துண்டு) இருக்கிறது, அதை கிரிம்ப் செய்துதான் (கருவியால் நசுக்கிப் பிடித்து) இணைக்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் முழுக்கச் செம்பு.

மிளகுக்கொடி:

பி.வி.சி. குழாயில் புதைப்பதை எங்கள் தோட்டத்தில் எலியும் பன்றியும் சேர்ந்து முடித்துவைத்தன. ஆர்மர்ட் போட்டபின் அந்தக் கவலை இல்லை. இரண்டரை அடி ஆழம், கீழே மணல், மேலே மணல், அதன்மேல் செங்கல் வரிசை. பின்னாளில் யாராவது மிளகுக்கொடி நட மண்வெட்டி போட்டாலும் முதலில் செங்கல்தான் தட்டுப்படும்.

சித்திரை, வைகாசி இடிமழையை யாரும் சொல்லவில்லையே. டி.பி. பாக்ஸில் (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) சர்ஜ் பாதுகாப்புக்கென்று, அதாவது திடீரென்று பாயும் வோல்டேஜைத் தடுக்க, எஸ்.பி.டி. ஒன்று வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் இடிக்கு டி.வி.யும் மோட்டார் ஸ்டார்ட்டரும் போகாத வருஷம் குறைவு.

தறிப்பேட்டை:

அன்றைக்கே கீசரை நிறுத்தினேன். லைசென்ஸ் உள்ள வேறு வயர்மேனைக் கூட்டி வந்து திறந்து பார்த்தோம். எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

கீசர் சாக்கெட்டின் பின்னால் நியூட்ரல் துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் காபித்தூள் நிறத்துக்கு மாறியிருந்தது. கறுப்பு வயரை விரலால் வளைத்தால் வளையவில்லை, சாக்பீஸ் போல டக் என்று ஒடிந்தது. மூன்று இழையில் ஒன்று ஸ்க்ரூவுக்கு வெளியே நின்றது, இரண்டில்தான் மொத்தக் கரண்டும் ஓடியிருக்கிறது. மூக்கை வைத்தால் மீன் வாடை மாதிரி ஒரு வாடை. பாத்ரூமில் அந்த வாடை வந்ததை வீட்டில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், சாக்கடை என்று நினைத்தோம்.

இப்போது கீசருக்கு மீட்டர் பக்கத்திலிருந்தே புதிதாக நாலு ஸ்கொயர், 20 ஆம்ப். மற்ற 3/22 வயருக்கெல்லாம் 6 ஆம்ப். தறிக்கூடத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

குகை வயர்மேன்:

நல்லதுங்க அண்ணா. நியூட்ரல் முனை சூடாவதை யாரும் கவனிப்பதில்லை, டெஸ்டர் வைத்தால் எரியாது என்று விட்டுவிடுவார்கள். தறிக்கூடம் த்ரீ பேஸ்தானே? மெயின் நியூட்ரல் ஸ்க்ரூவை முதலில் பார்க்கச் சொல்லுங்க. த்ரீ பேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைவாக இருக்கிற பேஸில் வோல்டேஜ் 400 பக்கம் ஏறும். லைட், ஃபேன், டி.வி. வரிசையாகப் போகும். நாகலூர் சார், த்ரீ பேஸ் வந்தபின் உங்களுக்கும் இது உண்டு. கீசர் இரண்டையும் வேறு வேறு பேஸில் பிரித்துப் போடுங்க.

வேலை நடக்கும்போது மூன்று விஷயம் கண்ணில் வைங்க. குழாய்க்குள் எங்கேயும் ஜாயின்ட் கூடாது, ஜாயின்ட் என்றால் திறந்து பார்க்க முடிகிற ஜங்ஷன் பாக்ஸில்தான். இரண்டு நாலு ஸ்கொயர் வயர் ஒரே துளையில் நுழையவில்லை என்று இழையை வெட்டிச் சின்னதாக்குவார்கள், விடாதீங்க. வெட்டிய இடத்தில் அது நாலு கிடையாது. பெரிய முனை உள்ள சாக்கெட் வாங்கணும், அல்லது லக் போடணும். சுவரில் குழாய் பதித்தபின், பூசுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்க. பின்னால் ஆணி அடிக்கிறபோது தேவைப்படும்.

நாகலூர்வாசி:

ஓட்டு வீடு என்பதால் சுவரை உடைக்காமல் வெளியே குழாய் ஓட்டலாம் என்று இருக்கிறோம், மரக்கூரைக்கு மேலே மட்டும் இரும்புக் குழாய். அங்கே எலித் தொல்லை அதிகம். இரும்புக் குழாய் என்றால் குழாயையே எர்த்தோடு இணைக்கணும்தானே?

குகை வயர்மேன்:

ஆமாங்க. ஒவ்வொரு துண்டும் ஒன்றோடு ஒன்று தொடர்ச்சியாக இருக்கணும், அதற்குத் தனி பச்சை வயரும் உள்ளே போகணும், குழாயையே எர்த்தாக நம்பக் கூடாது. வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து, புஷ் (குழாய் முனையில் மாட்டும் வழவழப்பான வளையம்) போட்டபின் வயரை இழுக்கச் சொல்லுங்க. இல்லை என்றால் இழுக்கும்போதே உறை கிழியும். எல்லாம் முடிந்து சாமான் எதுவும் மாட்டாமல் மெக்கர் போட்டு அளவை எழுதி வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்க.

நாகலூர்வாசி:

சரிங்க. மெக்கர் அளவும் எர்த் அளவும் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.